கைதி என்றுகூடச் சொல்லப்படாதவர்கள்



அறக்கட்டளைப் பொழிவு என்பது மறைந்த ஒருவர் பெயரால் உயிரோடிருப்பவர்களைப் பேச வைக்கும் ஏற்பாடு. பெயர் இருக்கிறது, மறைந்த தேதி இருக்கிறது, ஆண்டுதோறும் நினைக்க ஒரு நாளும் இருக்கிறது. இந்த மூன்றும் கிடைக்காத மனிதர்களைப் பற்றிப் பேசலாம் என்று தோன்றியது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரில் பிடிபட்டு, அங்கிருந்து கப்பல்களில் ஏற்றப்பட்டு, நியூ கினி, நியூ பிரிட்டன், பலாவ் போன்ற தீவுகளில் இறந்துபோன இந்தியச் சிப்பாய்கள் அவர்கள். அவர்களுடைய பேரன் பேத்திகள் நம்மிடையே இருக்கிறார்கள். ஒருவேளை இந்த அரங்கிலேயே இருக்கலாம். பட்டாளத்துக்கு ஆள் கொடுத்துப் பழகிய ஊர்களில், வேலூர்ப் பக்கம் ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிவிட்ட கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில், “மலேயாச் சண்டைக்குப் போனவர், திரும்பவில்லை” என்கிற ஒரே வரியில் முடிந்துபோன தாத்தாக்கள் எத்தனையோ பேர். அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் என் பேச்சு.

மலேயாச் சண்டையை விரிவாகச் சொல்லப்போவதில்லை. 1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். எழுபது நாளில் தீபகற்பம் முழுவதும் கைமாறி, 1942 பிப்ரவரி 15 அன்று புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் ஜெனரல் பெர்சிவல் சரணடைந்தார். பிரிட்டனுக்காகப் போரிட்ட அந்தப் படையில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்தியர்கள். பஞ்சாபிகள், டோக்ராக்கள், கர்வாலிகள், கூர்க்காக்கள். மைசூர், ஹைதராபாத் சமஸ்தானப் படைகள். இவர்களோடு மெட்ராஸ் சாப்பர்ஸ்.

தமிழர்களை இந்தப் படையில் எங்கே தேடுவது என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். சண்டைக்குப் பிறந்த இனம், பிறவாத இனம் என்று ஆங்கிலேயர் வகுத்த கணக்கில் தென்னாட்டார் தள்ளுபடி ஆனார்கள். 1920களில் மெட்ராஸ் காலாட்படை கலைக்கப்பட்டது. உலகப் போர் வந்து ஆள் தேவைப்பட்டபோதுதான் அதற்கு உயிர் கொடுத்தார்கள். நடுவில் தொடர்ந்து நின்றவர்கள் பாலம் கட்டுகிற, கண்ணிவெடி வைக்கிற சாப்பர்கள். படைக்குள் அவர்களுக்கு இன்றைக்கும் ‘தம்பி’ என்றே பெயர். அவர்களைத் தவிர சென்னை மாகாணத்து ஆட்கள் சப்ளைப் பிரிவிலும் மருத்துவப் பிரிவிலும் எழுத்தர்களாக, ஓட்டுநர்களாக, சமையற்காரர்களாக, தண்ணீர் சுமப்பவர்களாகச் சிதறிக் கிடந்தார்கள். ஆகவே படைப்பிரிவின் பெயரை வைத்துக்கொண்டு தமிழரைத் தேடினால் பாதிப் பேர் கையில் சிக்க மாட்டார்கள். ‘குக்’, ‘வாட்டர் கேரியர்’ என்ற பதவிப் பெயர்களின் கீழேயும் பார்க்க வேண்டும். சிப்பாய்க்குக் கிடைத்த சாவுதான் அவர்களுக்கும் கிடைத்தது.

இனி பிப்ரவரி 17. சரணடைந்து இரண்டாம் நாள். வெள்ளைக்காரப் படையினரைச் சாங்கி நோக்கி நடத்திச் சென்றார்கள். இந்தியரை மட்டும் ஃபேரர் பார்க் திடலுக்கு வரச் சொன்னார்கள். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஹன்ட் என்ற பிரிட்டிஷ் கர்னல், இனி நீங்கள் ஜப்பானியரின் கைதிகள், அவர்கள் சொற்படி நடங்கள் என்ற பொருளில் சுருக்கமாகப் பேசி, ஆட்களை ஒப்படைத்துவிட்டுப் போனார். அடுத்து ஜப்பானிய உளவுப்பிரிவின் மேஜர் ஃபுஜிவாரா பேசினார். அவரை அடுத்து 14ஆவது பஞ்சாப் ரெஜிமென்ட்டின் கேப்டன் மோகன் சிங். இந்தியாவின் விடுதலைக்கு ஒரு படை அமையப்போகிறது, வாருங்கள் என்றார்.

அப்படி அமைந்த இந்திய தேசிய ராணுவத்தின் கதை உங்களுக்குத் தெரியும். அதை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. நேதாஜி 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்தபின் மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழ் இளைஞர்களும் பெண்களும் திரண்டு வந்து சேர்ந்தது நம்முடைய வரலாற்றின் பெருமிதமான பக்கங்களில் ஒன்று. ஆனால் திடலில் உட்கார்ந்திருந்த நாற்பதாயிரம் பேரில் ஏறத்தாழ பாதிப் பேர் சேரவில்லை. அவர்களைப் பற்றி என்ன சொல்லி வைத்திருக்கிறோம்? நம் பாடப்புத்தகங்களில் அவர்கள் இல்லை. பிரிட்டிஷ்காரர் எழுதிய சிங்கப்பூர் வீழ்ச்சி நூல்களில் சாங்கிச் சிறைமுகாம் விரிவாக இருக்கும்; இந்தியக் கைதிகள் ஒரு பத்தியோடு போய்விடுவார்கள்.

ஏன் சேரவில்லை என்ற கேள்விக்கு இரண்டு சுலபமான விடைகள் உலவுகின்றன. எஜமான விசுவாசம் என்பது ஒன்று. சத்தியம் தவறாத வீரம் என்பது மற்றொன்று. முதலாவதைத் தேசியவாதிகள் சொல்வார்கள், இரண்டாவதைப் பழைய ராணுவ அதிகாரிகள் சொல்வார்கள். இரண்டுமே தூரத்தில் நின்று சொல்கிற விடைகள் என்பது என் எண்ணம். தன் சுபேதார் சேர்ந்தாரா இல்லையா என்று பார்த்து முடிவெடுத்தவர்கள் உண்டு. உப்பைத் தின்றோம் என்று நின்றவர்கள் உண்டு. ஜப்பானியர் சிங்கப்பூர்ச் சீனர்களைக் கொன்று குவித்ததைக் கண்ணால் பார்த்து, இவனை நம்ப முடியாது என்று ஒதுங்கியவர்கள் உண்டு. சேர்ந்தவர்களிலும் நாட்டுப்பற்றால் சேர்ந்தவர், பசியால் சேர்ந்தவர், தன் ஆட்களை ஜப்பானியரிடமிருந்து காப்பாற்றலாம் என்று எண்ணிச் சேர்ந்த அதிகாரி என்று பல வகை. மோகன் சிங்கே 1942 டிசம்பரில் ஜப்பானியரோடு முரண்பட்டுக் கைதானார். முதல் படை கலைந்தது. அப்போது வெளியே வந்தவர்களில் பலர் மறுபடி சேரவில்லை. அவர்களும் கைதிகள் வரிசைக்கே திரும்பினார்கள். முதலில் சேர்ந்து, பின்னர் விலகி, தீவில் செத்த ஒருவரை எந்தப் பட்டியலில் வைப்பீர்கள்? பேரப்பிள்ளைகள் தாத்தாவுக்கு மதிப்பெண் போட வேண்டியதில்லை.

மறுத்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதுதான் இப்போது முக்கியம். சிங்கப்பூரில் நீசூன், பிடாதாரி, செலேத்தார் முகாம்களில் இருந்தவர்களை 1943லிருந்து கூட்டம் கூட்டமாகக் கப்பலில் ஏற்றித் தெற்குப் பசிபிக் தீவுகளுக்கு அனுப்பினார்கள். விமான ஓடுதளம் போட, குகை தோண்ட, கப்பலில் சரக்கு இறக்க ஆள் வேண்டியிருந்தது. அடித்தளத்தில் நெருக்கி அடைத்து, காற்றில்லாமல், தண்ணீருக்குத் தவித்துப் போன பயணங்கள்.

அவற்றில் ஒரு கப்பல் போய்ச் சேரவே இல்லை. புயோ மாரு என்பது அதன் பெயர். 1943 ஜனவரி 26, நியூ கினியின் வட கடற்பகுதி. அமெரிக்க நீர்மூழ்கி வாஹூ அதைத் தாக்கி மூழ்கடித்தது. அதில் ஜப்பானியப் படையினரோடு 16ஆவது பஞ்சாப் ரெஜிமென்ட்டின் இரண்டாம் பட்டாலியனைச் சேர்ந்த 491 இந்தியக் கைதிகளும் இருந்தார்கள். மேலே வந்த நீர்மூழ்கி, தண்ணீரில் தத்தளித்தவர்கள் மேலும் படகுகள் மேலும் சுட்டது. இந்தியர்களில் 195 பேர் இறந்தார்கள். நேச நாட்டுக்காகப் போரிட்டுப் பிடிபட்டவர்களை நேச நாட்டுக் குண்டே கொன்றது. வாஹூவின் தலைவர் மார்ட்டன் அமெரிக்காவில் வீரராகக் கொண்டாடப்பட்டவர். கப்பலில் இந்தியர் இருந்தது அவருக்குத் தெரியாது என்பதும் உண்மை. அந்த 195 வீடுகளுக்கும் அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

போய்ச் சேர்ந்தவர்களிடம் ஜப்பானியர் ஒரு புது விதியைச் சொன்னார்கள். நீங்கள் போர்க்கைதிகளே அல்ல என்பது அந்த விதி. 1929ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையில் ஜப்பான் கையெழுத்திட்டது. ஆனால் ஏற்றுறுதி செய்யவில்லை. கூடுமானவரை கடைப்பிடிப்போம் என்று மட்டும் போர்க்காலத்தில் வாக்குக் கொடுத்தது. வெள்ளைக்காரக் கைதிகள் விஷயத்திலேயே அந்த வாக்கு காற்றில் போயிற்று. இந்தியர் விஷயத்தில் ஒரு படி மேலே போய், இவர்கள் கைதிநிலையிலிருந்து விடுவிக்கப்பட்டு எங்களோடு சேர்ந்துகொண்ட உழைப்புப் படையினர் என்று எழுதிக்கொண்டார்கள். தொழிலாளி என்றால் பட்டியல் வேண்டாம், செஞ்சிலுவைக் கடிதம் வேண்டாம், இறப்பைத் தெரிவிக்க வேண்டாம். ஜப்பானிய ராணுவச் சட்டப்படி அடிக்கலாம், கொல்லவும் செய்யலாம்.

இந்த வாதம் நீதிமன்றத்துக்கு வந்தது. போர் முடிந்தபின் சிங்கப்பூரில் பிரிட்டிஷார் நடத்திய போர்க்குற்ற விசாரணைகளில் முதல் வழக்கே இதுதான். 1946 ஜனவரியில் தொடங்கியது. குற்றவாளிக் கூண்டில் கேப்டன் கோசாவா சடாய்ச்சியும் மேலும் ஒன்பது பேரும். சாட்சிக் கூண்டில் இந்தியச் சிப்பாய்கள். 1943இல் தேம்ஸ் மாரு என்ற கப்பலில் ஐந்நூற்றுச் சொச்சம் இந்தியரைப் பலாவ் தீவுக்கூட்டத்தின் பாபெல்துவாப்புக்குக் கொண்டுபோய் வேலை வாங்கி, பட்டினி போட்டு, அடித்து, உணவைத் திருடினான் என்று ஒரு சிப்பாயின் தலையை வெட்டிய வழக்கு. இவர்கள் கைதிகள் அல்லர், தாமாக எங்களோடு சேர்ந்தவர்கள் என்று எதிர்த்தரப்பு வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. தலையை வெட்டிய லெப்டினன்ட் நகாமுராவுக்கு மரண தண்டனை.

அந்த வழக்கைப் படிக்கும்போது தீர்ப்பைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. மூன்று ஆண்டுகள் தாங்கள் யார் என்று சொல்லிக்கொள்ளவே உரிமை இல்லாமல் கிடந்த சாதாரணச் சிப்பாய்கள் சாட்சிக் கூண்டில் ஏறித் தம் பெயர், எண், படைப்பிரிவு என்று வரிசையாகச் சொல்கிறார்கள். நான் கைதி என்று ஒருவர் வழக்காடி நிலைநாட்ட வேண்டியிருந்த விந்தை அது.

நியூ கினியின் வேவாக் பகுதிக்குப் போனவர்கள் கதை இன்னும் கடுமையானது. 1943 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய கூட்டத்தில் ஏறத்தாழ மூவாயிரம் இந்தியர். இவர்களைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி ஒரே மனிதர் வழியாக வந்தது. 12ஆவது ஃப்ரன்டியர் ஃபோர்ஸ் ரெஜிமென்ட்டின் ஜமேதார் சிந்த் சிங். காங்க்ரா பக்கத்து டோக்ரா ராஜபுத்திரர். வேவாக்கில் இந்தியக் கைதிகளுக்குத் தலைமை தாங்கியவர் கேப்டன் நிர்பல் சந்த். உணவு கொடு, நோயாளியை வேலைக்கு இழுக்காதே, நாங்கள் போர்க்கைதிகள், அப்படியே நடத்து என்று ஜப்பானிய அதிகாரிகளிடம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தார். 1944 ஏப்ரலில் அவரைக் கொன்றார்கள்.

1944இல் ஜப்பானியப் படைக்கே சோறில்லை. அமெரிக்கர் கடல்வழியை அறுத்துவிட்டு அடுத்த இடத்துக்குத் தாவிவிட்டார்கள். ஜப்பானின் 18ஆவது ராணுவம் காட்டுக்குள் பட்டினி கிடந்தது. அந்தப் பட்டினியின் அடிமட்டத்தில் இந்தியர்கள். கிழங்கு, புல், சாகோ மரச் சோறு என்று தேடித் தின்றார்கள். மலேரியாவும் பெரிபெரியும் சீதபேதியும் பாதிப் பேரைக் கொண்டுபோயின. நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டபோது பதுங்குகுழி ஜப்பானியருக்கு மட்டும். இறந்தவர்களின் உடலையும், சில இடங்களில் அதற்காகவே கொல்லப்பட்டவர்களின் உடலையும் தின்றது பற்றி மீண்டவர்கள் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலங்கள் ஆஸ்திரேலிய விசாரணைகளில் பதிவாகியிருக்கின்றன. அதற்கு மேல் இந்த மேடையில் விவரிக்க வேண்டாம். படிக்க வேண்டியவர்கள் படிக்கலாம். மூடி மறைக்கவும் கூடாது.

1945 செப்டம்பர் 30. போர் முடிந்து ஆறு வாரம் ஆயிற்று. செபிக் ஆற்றங்கரையில் அங்கோரம் என்ற இடத்தில் சிந்த் சிங்கும் பத்துப் பேரும் ஆஸ்திரேலியரிடம் வந்து சேர்ந்தார்கள். எழுந்து நிற்கவே தெம்பில்லாதவர்கள் அணிவகுத்து நின்றார்களாம். மூவாயிரத்தில் கடைசியில் மிஞ்சியது மொத்தம் இருநூறு பேர் அளவில் இருக்கும். சிந்த் சிங்கை மட்டும் சாட்சி சொல்வதற்காக நிறுத்திக்கொண்டார்கள். மற்றப் பத்துப் பேரையும் ஊருக்கு அனுப்ப 1945 நவம்பரில் விமானத்தில் ஏற்றினார்கள். அந்த விமானம் விழுந்தது. பத்துப் பேரும் போனார்கள்.

இதைக் கதையில் எழுதினால், கொஞ்சம் அளவு மீறிவிட்டது ஐயா என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

சிந்த் சிங் பிழைத்து வந்து, மறுபடியும் போய்ச் சாட்சி சொன்னார். தம்மோடு இருந்தவர்களைப் பற்றிக் குறிப்புகள் எழுதி வைத்தார். 1970களின் தொடக்கத்தில் பப்புவா நியூ கினிக்கு மீண்டும் போய் வந்தார். அங்கோரத்தில் நினைவுச்சின்னம் எழுந்தது. அவர் காலத்துக்குப் பிறகு, ஆஸ்திரேலியாவில் குடியேறிய மகன் அந்தக் குறிப்புகளை நூலாகத் தொகுத்தார். அவர் பிழைக்காமல் போயிருந்தால், அல்லது மகன் அந்தத் தாள்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டிருந்தால், வேவாக் மூவாயிரம் பேரும் ஒரு எண்ணிக்கையாக மட்டுமே மிஞ்சியிருப்பார்கள்.

வேவாக்கிலிருந்த 18ஆவது ராணுவத்தின் தலைவர் ஜெனரல் அடாச்சியை 1947இல் நியூ பிரிட்டன் தீவின் ரபவுலில் விசாரித்தார்கள். தம் ஆட்கள் இந்தியக் கைதிகளுக்கு இழைத்த கொடுமைகளைத் தடுக்காத குற்றத்துக்கு ஆயுள் தண்டனை. அவர் அந்தச் செப்டம்பரிலேயே தற்கொலை செய்துகொண்டார். ஒரு ராணுவத் தளபதி இந்தியச் சிப்பாய்களின் பெயரால் தண்டிக்கப்பட்ட செய்தி, விடுதலையை ஒட்டிய பிரிவினைக் கலவரத்தில் மூழ்கியிருந்த நம் நாட்டில் யார் காதில் விழுந்திருக்கும்?

நமக்குச் சற்று அருகில் உள்ளவர் ஒருவரைச் சொல்கிறேன். மங்களூர்ப் பக்கத்தைச் சேர்ந்த ஜான் பாப்டிஸ்ட் க்ராஸ்தா. தென் கன்னடம் அன்று சென்னை மாகாணத்து மாவட்டம். ராணுவத்தின் சப்ளைப் பிரிவில் இருந்தார். சிங்கப்பூரில் பிடிபட்டு, 1943இல் நியூ பிரிட்டன் தீவின் ரபவுல் பகுதிக்கு அனுப்பப்பட்டார். உயிரோடு ஊர் திரும்பினார். வந்ததும் 1946இல் நடந்ததை எல்லாம் எழுதினார். எழுதியதை அப்படியே வைத்துவிட்டார். பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள். ஏறத்தாழ ஐம்பது ஆண்டு. மகன் ரிச்சர்ட் க்ராஸ்தா எழுத்தாளர் ஆனபின், 1990களின் கடைசியில் அதைப் பதிப்பித்தார். இந்தியக் கைதி ஒருவர் தம் கையால் எழுதிய இத்தனை விரிவான பதிவு வேறு அதிகம் இல்லை.

ஏன் ஐம்பது ஆண்டு வைத்திருந்தார்? கூச்சம் என்பார்கள், வேதனை என்பார்கள். இருக்கலாம். எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. 1946இல் யாரிடம் கொடுத்திருப்பார்? தேசிய ராணுவ அதிகாரிகள் மீதான டெல்லிச் செங்கோட்டை விசாரணை முடிந்த கையோடு, நாடு முழுவதும் அந்த ராணுவத்தார்க்கு மாலை போட்டுக்கொண்டிருந்த நேரம். நான் சேரவில்லை, அதனால் இப்படி ஆயிற்று என்று ஒருவர் எழுதினால் எந்தப் பத்திரிகை போடும்? அதற்காக அந்த மாலைகளை நான் பழிக்கவில்லை. ஒரே திடலில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரில் ஒருவருக்குப் பேச மேடை கிடைத்தது, மற்றவருக்குப் பெட்டியின் அடித்தட்டு கிடைத்தது.

தமிழிலும் இதே நிலைதான். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யில் மலேயாவும் மேடானும் தேசிய ராணுவத்து இளைஞர்களும் வருகிறார்கள். மலேசியாவில் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ எழுதினார். தீவுக்குப் போன சிப்பாய்க்குத் தமிழில் ஒரு நாவல் வந்ததாக என் வாசிப்பில் படவில்லை. எழுத ஆசைப்படும் மாணவர்கள் யாராவது இருந்தால் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

மரண ரயில் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை. ஏறத்தாழ அறுபதாயிரம் நேச நாட்டுப் போர்க்கைதிகளும், இரண்டு லட்சத்தை ஒட்டிய ஆசியத் தொழிலாளர்களும் போட்டது. தொழிலாளர்களில் மலேயாத் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரம் பேர். கைதிகளில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் இறந்தார்கள். தொழிலாளர்களில் இறந்தவர்களைத் தொண்ணூறாயிரம் வரை மதிப்பிடுகிறார்கள். இறந்த கைதிகளுக்குக் காஞ்சனபுரியிலும் தான்பியூசயாட்டிலும் வரிசை வரிசையாகக் கல்லறைகள். தமிழனுக்கு மதிப்பீடு மட்டும். கைதி என்று ஒருவரைச் சொல்வதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். கைதி என்றால் பெயரும் எண்ணும் உண்டு. கேட்க ஓர் அரசாங்கம் உண்டு. பாபெல்துவாப்பிலும் வேவாக்கிலும் இந்தியச் சிப்பாயிடமிருந்து ஜப்பானியர் பிடுங்கப் பார்த்தது அதைத்தான்.

ஊரில் இருந்தவர்கள் பக்கம் வருவோம். முதலில் காணவில்லை என்று ஒரு தகவல். பல மாதங்கள் கழித்து, கைதியாக இருக்கலாம் என்று இன்னொன்று. பிறகு மௌனம். சாங்கியில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாயின் வீட்டுக்கு எப்போதாவது ஓர் அஞ்சலட்டையாவது வந்தது. தீவுக்குப் போன இந்தியனின் வீட்டுக்கு அதுவும் இல்லை. படைக் கணக்கில் ‘காணவில்லை’ என்பது ‘இறந்ததாகக் கருதப்படுகிறார்’ என்று மாறுகிற வரை வீட்டுக்காரிக்குப் பட்டாளத்துப் பணம் வரும். மாறினால் பென்ஷன். இதற்கு நடுவே அவள் யார்? பொட்டு வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை ராணுவ அலுவலகம் முடிவு செய்யாது. மாமியார் ஒன்று சொல்வாள், தாய்வீடு ஒன்று சொல்லும். ஜோசியர், உயிரோடு தெற்கே இருக்கிறார் என்பார். நியூ கினி தென்கிழக்கே இருக்கிறது. ஆனால் ஜோசியர் அதை நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார்.

ஒருவாறு மனம் ஒப்பி இறந்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டாலும் திதி எது? நாள் தெரியாதவர்களுக்கு நம் வழக்கம் ஒரு வழி வைத்திருக்கிறது. புரட்டாசி மகாளய அமாவாசையில் கொடுக்கலாம். கிறிஸ்தவ வீடுகளில் நவம்பர் 2ஆம் தேதி, கல்லறைத் திருநாள். முஸ்லிம் வீடுகளில் ஃபாத்திஹா ஓதும்போது பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள். இவையெல்லாம் பொது நாள்கள். அந்த ஒருவருக்கென்று ஒரு தேதி வேண்டும் என்ற ஆசை பேரன் காலத்திலும் போகாது என்பதை என்னிடம் விசாரித்து வருகிறவர்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அந்தத் தேதி சில வேளை கிடைக்கிறது. எங்கே என்று சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன்.

முதலில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடு. இணையத்தில் காசில்லாமல் தேடலாம். சிங்கப்பூர் கிராஞ்சியில் அந்த ஆணையம் 1957இல் எழுப்பிய நினைவுச்சின்னத்தின் தூண்களில், கல்லறை தெரியாத இருபத்து நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் படைப்பிரிவு வாரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அதே வளாகத்தில் தகனம் செய்யப்பட்டவர்களுக்குத் தனிச் சின்னம். அதில் உள்ள எண்ணூறு பேர் அளவிலானவர்களில் பெரும்பாலோர் பிரிவினைக்கு முந்திய இந்தியாவின் ஆட்கள். மலேயாவிலும் ஹாங்காங்கிலும் பிடிபட்ட இந்தியர்கள் நியூ கினியில் லே நகரத்துப் போர்க் கல்லறையிலும், ரபவுலுக்கு அருகே பீட்டா பாக்காவிலும் இருக்கிறார்கள். பல கற்களில் பெயர் இல்லை. நம் சென்னை நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறையில் தேடி ஏமாறாதீர்கள். அது இந்தியாவின் தெற்கு, கிழக்குப் பகுதிகளில் இறந்தவர்களுக்காக அமைத்தது.

பதிவேட்டில் தந்தை பெயர், மனைவி பெயர், ஊர், மாவட்டம் என்று எழுதியிருக்கும். ஊர்ப்பெயர்களை ரெஜிமென்ட் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். திருநெல்வேலி டின்னவெல்லியாக இருக்கும், முனுசாமியில் எத்தனை யு என்பது அவரவர் விருப்பம். ஆகவே பெயரைவிட படை எண் உதவும். அந்த எண் பழைய பென்ஷன் புத்தகத்தில், மெடல் வந்த அட்டைப்பெட்டியின் சீட்டில் இருக்கலாம். இறந்த தேதிக்குப் பதில் இந்த நாளுக்கும் அந்த நாளுக்கும் இடையில் என்று இருந்தால் குழம்ப வேண்டாம். படைக்கும் அதற்கு மேல் தெரியாது.

இந்தப் பதிவேடு குறையில்லாதது என்று நான் சொல்லவில்லை. ஆணையமே ஒரு குழு அமைத்து, முதல் உலகப் போரில் இறந்த இந்தியர், ஆப்பிரிக்கர் உட்படப் பல்லாயிரவரை வெள்ளையருக்கு இணையாக நினைவுகூரத் தவறியதை 2021இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. விடுபட்ட பெயர்களைச் சேர்க்கக் குடும்பத்தார் ஆதாரத்தோடு எழுதலாம்.

இரண்டாவது, சாட்சியங்கள். ஆஸ்திரேலியத் தேசிய ஆவணக்காப்பகம் தன் போர்க்குற்ற வழக்குக் கோப்புகளை இணையத்தில் வைத்திருக்கிறது. ரபவுலில் நடந்த வழக்குகளில் கணிசமானவை இந்தியக் கைதிகளைப் பற்றியவை. சிங்கப்பூர் வழக்குகளின் விவரங்களும் இணையத்தில் கிடைக்கின்றன. ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் 1945இல் மீட்கப்பட்ட இந்தியர்களின் படங்கள் இருக்கின்றன. தாத்தாவின் பெயர் வராவிட்டாலும் அவருடைய கம்பெனிக்காரர் ஒருவர் அவரோடு எந்தக் கப்பலில் போனார், எந்த முகாமில் இருந்தார் என்பது வரக்கூடும். சாப்பர் என்றால் பெங்களூரில் உள்ள மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பின் ஆவண அலுவலகத்துக்கும் எழுதிப் பார்க்க வேண்டும். பதில் வரத் தாமதமாகும். விடாமல் எழுதுங்கள்.

பொழிவை ஏற்பாடு செய்தவர்கள் கேள்விக்குக் கால் மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். வீட்டிலிருந்து பழைய பென்ஷன் புத்தகமோ மெடலோ கொண்டு வந்திருப்பவர்கள் முன்வரிசைக்கு வரலாம். மெடலின் விளிம்பைப் பாருங்கள். பெயரும் எண்ணும் பொறித்திருந்தால் தேடும் வேலை பாதி குறைந்தது.